பேய், ஃபேரி, வாம்பயர்: எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி: டிராகுலா நாவலை முடித்துவிட்டீர்கள், அதன் பிறகு பேய், தேவதை, ரத்தம் குடிக்கும் பிணம் என்று எல்லாவற்றையும் பற்றி, மக்கள் நிஜமாகவே என்ன நம்பினார்கள் என்று படிக்க ஆசை வந்திருக்கிறது. ஆனால் தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் இருக்கின்றன, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். கடைசியில் "ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் எது?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பார்க்கப் புத்தகப் பட்டியல் கேட்பதுபோல் இருந்தாலும், உங்கள் கேள்வி அதைவிடப் பெரியது என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தச் சங்கதிகளில் எது பழைய நம்பிக்கை, எது ஒரு நாவலாசிரியர் மேசையில் உட்கார்ந்து உருவாக்கியது, எது ஒரு மனிதர் தான் நேரில் பட்டதாகச் சொன்னது, இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இதற்கு வழி தெரிந்துவிட்டால் பட்டியலை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

நான் நாட்டார் வழக்காற்றியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கற்பித்துவருகிறேன். என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் இருக்கிறதா இல்லையா என்பதற்கு என் படிப்பில் பதில் கிடையாது. யார், எப்போது, யாரிடம், என்ன சொன்னார்கள், அது எப்படி எழுத்துக்கு வந்தது என்பதுவரைதான் என்னால் உறுதியாகப் பேச முடியும். செர்பியன் போன்ற ஸ்லாவிய மொழிகள் எனக்குத் தெரியாது, ஆகவே வாம்பயர் விஷயத்தில் நான் சொல்வது மொழிபெயர்ப்புகளையும் ஆங்கில ஆய்வுகளையும் நம்பிச் சொல்வதுதான்.

வாம்பயரிலிருந்தே தொடங்கலாம், நீங்கள் அந்த வாசல் வழியாகத்தானே வந்திருக்கிறீர்கள். 1725இல் செர்பியாவில், அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கிசிலோவா என்ற கிராமத்தில், பீட்டர் ப்ளோகோயோவிட்ஸ் என்பவர் இறந்து புதைக்கப்பட்டுப் பத்து வாரம் ஆகிறது. எட்டே நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள். சாகும் முன் அவர்கள் சொன்னது: தூக்கத்தில் பீட்டர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான். ஃப்ரோம்பால்ட் என்ற அரசு அதிகாரி, மேலிடத்து அனுமதி வரும்வரை பொறுங்கள் என்கிறார். ஊரார் கேட்கவில்லை, இப்போதே தோண்டாவிட்டால் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவோம் என்கிறார்கள். தோண்டுகிறார்கள். உடல் கெடாமல் இருக்கிறது, பழைய தோல் உரிந்து உள்ளே புதுத் தோல் தெரிகிறது, நகமும் தாடியும் வளர்ந்திருக்கின்றன, வாயில் ரத்தம். மரமுளையை நெஞ்சில் இறக்குகிறார்கள், காதிலும் வாயிலும் ரத்தம் வழிகிறது, பிறகு எரித்துவிடுகிறார்கள். அந்த அதிகாரி தன் அறிக்கையை முடிக்கும்போது, இதில் தவறு ஏதும் நடந்திருந்தால் பொறுப்பு தனதல்ல, பயத்தில் நிலைகுலைந்திருந்த கும்பலுடையது என்று எழுதிவைக்கிறார். இந்த அறிக்கையை எத்தனை முறை படித்தாலும் அந்த வரியில் நான் நின்றுவிடுவேன். அதற்குள் ஒரு மனிதரின் பயமும் அலுவலக எச்சரிக்கையும் ஒன்றாக இருக்கின்றன.

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். கோரைப்பல் இல்லை, கழுத்தில் கடி இல்லை, கோட்டை இல்லை, கோமகன் இல்லை, வௌவால் இல்லை. செத்துப்போன ஒரு சாதாரணக் குடியானவன், மூச்சை அடைக்க வருகிறான், அவ்வளவுதான். 1732இல் மெத்வெஜா என்ற ஊரிலிருந்து, அர்னோல்ட் பாவ்லே என்பவரைப் பற்றி ஃப்ளூக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் கொடுத்த இன்னும் நீளமான அறிக்கைதான் ஐரோப்பா முழுக்க வாம்பயர் என்ற சொல்லைப் பரப்பியது. ஆங்கிலத்தில் அது பரவலானதும் அந்த ஆண்டுச் செய்தித்தாள்களால்தான். 1755இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா தன் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டனை இதைப் பற்றி அறிக்கை தரச் சொல்லி, பிணங்களைத் தோண்டிச் சிதைப்பதைத் தடை செய்தார். இவ்வளவும் ஆவணத்தில் இருப்பவை, இவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்த அறிக்கைகளை எடுத்துக்கொண்டு பால் பார்பர் 1988இல் எழுதிய 'வாம்பயர்ஸ், பரியல், அண்ட் டெத்' என்ற புத்தகத்தை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஊரார் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்ததை அப்படியே சொன்னார்கள் என்பதுதான் அவர் தொடங்கும் இடம். மண்ணுக்குள் இருக்கும் உடலில் வாயு சேர்ந்து அது உப்பும், அதனால் இறந்தவர் கொழுத்திருப்பதுபோல் தெரியும். அந்த வாயு தள்ளுவதால் கருஞ்சிவப்பு நீர் வாய் வழியாக வெளியே வரும். மேல்தோல் நகத்தோடு கழன்று விழ, அடியில் இருப்பது புதிதாக முளைத்ததுபோல் இருக்கும். தாடி வளர்வதில்லை, சுற்றியுள்ள தோல் சுருங்குவதால் வளர்ந்ததுபோல் காட்டுகிறது. முளையை அடிக்கும்போது நெஞ்சில் அடைபட்ட காற்று தொண்டை வழியாக வெளியேறினால் முனகல் கேட்கும். படிக்கக் கொஞ்சம் வயிற்றைப் புரட்டும், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் முன்னோர்களை முட்டாளாக்காமல் ஒரு நம்பிக்கையை விளக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்தின் பலம் பிணத்தை விளக்குவதில் இருக்கிறது. ஏன் அந்த ஊர், ஏன் அந்த ஆண்டு, ஏன் இந்த ஆள்மேல் பழி விழுந்தது என்ற பக்கத்துக்கு ஆலன் டண்டஸ் தொகுத்த 'தி வாம்பயர்: எ கேஸ்புக்' (1998) துணைக்கு வரும், பலர் எழுதிய கட்டுரைகள் அதில் இருப்பதால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பதையும் பார்க்கலாம்.

அப்புறம் மைக்கேல் பெல்லின் 'ஃபுட் ஃபார் தி டெட்' (2001). அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் எக்ஸிட்டர் என்ற ஊரில் 1892இல் மெர்சி பிரவுன் என்ற இளம்பெண்ணின் உடலைத் தோண்டி, இதயத்தை எரித்து, அந்தச் சாம்பலை அவளுடைய அண்ணன் எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குடும்பமே காசநோயில் போய்க்கொண்டிருந்தது. தாய், மூத்த மகள், மெர்சி என்று வரிசையாக. எட்வினும் இரண்டு மாதத்தில் இறந்துபோனார். காசநோய்க் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டுபிடித்து அப்போது பத்து ஆண்டு ஆகியிருந்தது. பெல் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்ததில் எனக்கு முக்கியமாகப்படுவது, அந்த ஊர்க்காரர்கள் தாங்கள் செய்ததை வாம்பயர் என்ற சொல்லால் குறிக்கவில்லை, வெளியிலிருந்து வந்த செய்தித்தாள்கள்தான் அப்படி எழுதின என்பது. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு கடைசி வைத்தியம். நோயில் கிடக்கும் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தகப்பன் எந்த எல்லைக்கும் போவான் என்பதை அந்தப் பக்கங்களில் படிக்கும்போது, திகில் போய் வேறு ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

டிராகுலாவைப் பற்றி இப்போது. 1897இல் வந்த அந்த நாவலின் கோமகன், பதினைந்தாம் நூற்றாண்டில் வலாக்கியாவை (இன்றைய ருமேனியாவின் தென்பகுதி) ஆண்ட, எதிரிகளைக் கழுவேற்றிய விளாட்தான் என்று எங்கும் படித்திருப்பீர்கள். நானும் என் முதல் சில ஆண்டுகள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி, அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். தேடிப் பார்த்தபோதுதான், நான் சொன்னது 1972இல் மக்நாலியும் ஃப்ளோரெஸ்குவும் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து பரவிய கருத்து என்று தெரிந்தது, அடுத்த வாரமே வகுப்பில் திருத்திச் சொன்னேன். நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் கைக்குறிப்புகள் இன்று ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, 2008இல் அவை குறிப்புரையோடு அச்சாகியும்விட்டன. அவற்றில் பாத்திரத்தின் முதல் பெயர் கவுண்ட் வாம்பிர். 1890 கோடையில் ஸ்டோக்கர் இங்கிலாந்தின் விட்பி நகர நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவரின் வலாக்கியா பற்றிய பழைய புத்தகத்தைப் பார்க்கிறார். டிராகுலா என்றால் அந்த மொழியில் சாத்தான் என்று அதில் ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது, அதைக் குறித்துக்கொள்கிறார், பெயர் மாறுகிறது. கழுவேற்றிய விளாட் பற்றி அந்தக் குறிப்புகளில் எதுவும் இல்லை. எலிசபெத் மில்லரின் 'டிராகுலா: சென்ஸ் அண்ட் நான்சென்ஸ்' (2000) இந்த மாதிரி பரவிய தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்கும் புத்தகம். ஆகவே பெயர் எங்கிருந்து வந்தது என்பது உறுதி. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி ஸ்டோக்கர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது ஊகம். பட்டியல்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

இதே மாதிரி ஒன்று வெயில். நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார், சக்தி குறைந்திருக்குமே தவிரச் சாகமாட்டார். சூரிய ஒளி பட்டால் அழிந்துபோவது என்பது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப்படத்தில் வந்தது. இது தெரியாமல், 1985இல் ஒரு வேதியியலாளர், போர்ஃபிரியா என்ற நோய் உள்ளவர்களுக்கு வெயில் ஆகாது, ஆகவே வாம்பயர் நம்பிக்கை அந்த நோயிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்ல, உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் போட்டன. கிராமத்து அறிக்கைகளில் வெயிலுக்கு அஞ்சும் பிணமே கிடையாது. இருபதாம் நூற்றாண்டுப் படம் ஒன்றின் கற்பனையை எடுத்து பதினெட்டாம் நூற்றாண்டு நம்பிக்கைக்கு மருத்துவ விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். இதனால் அந்த நோய் உள்ளவர்கள் பட்ட மனக்கஷ்டம் தனி. உங்கள் கையில் கிடைக்கும் புத்தகம் போர்ஃபிரியாவை உறுதியான விளக்கமாகச் சொன்னால், மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடு புரட்டுங்கள்.

மான்டேக் சம்மர்ஸ் என்ற பெயரும் எல்லாப் பட்டியலிலும் வரும், 1928, 1929இல் வந்த இரண்டு வாம்பயர் புத்தகங்கள், புதுப்புது அட்டையோடு திரும்பத் திரும்ப அச்சாகின்றன. படிக்கலாம், அவ்வளவு தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அவர் வாம்பயர் நிஜமாகவே உண்டு என்று நம்பியவர், தான் படித்த எல்லாவற்றையும் ஒரே எடையில் சாட்சியாக அடுக்குபவர். முதல் புத்தகமாக அதை எடுக்காதீர்கள். நாவல் பக்கம் போக வேண்டுமென்றால் பாலிடோரியின் 'தி வாம்பயர்' (1819), லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872) இரண்டும் போதும். குடியானவப் பிணம் பிரபுவாக மாறியது பாலிடோரியின் கதையில்தான்.

வாம்பயரை விட்டு வரும் முன் நமக்கு நெருக்கமான ஒன்று. நம்முடைய வேதாளத்தை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது 'விக்ரம் அண்ட் தி வாம்பயர்' என்று பெயர் வைத்துவிட்டார், அதுவும் இருபத்தைந்து கதைகளில் பதினொன்றை மட்டும் எடுத்து, தன் இஷ்டத்துக்கு நீட்டி. இன்றுவரை வாம்பயர் கலைக்களஞ்சியங்களில் வேதாளம் "இந்திய வாம்பயர்" என்று உட்கார்ந்திருப்பதற்கு அந்தத் தலைப்பு ஒரு பெரிய காரணம். மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் புகுந்துகொண்டு, அரசனின் தோளில் இருந்தபடி கதை சொல்லிப் புதிர் போடுகிற வேதாளம் யாருடைய ரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை, கடைசியில் அவன் உயிரைக் காப்பாற்றவும் செய்கிறது. 1995இல் சந்திரா ராஜன் சிவதாசரின் வடமொழி நூலை மொழிபெயர்த்தபோது அதே வேதாளத்துக்கு ஜீனி (அரபுக் கதைகளில் வரும் பூதம்) என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு சொல் எப்படி ஒரு ஆவியின் குணத்தையே மாற்றிவிடுகிறது என்று தெரியும். சோமதேவரின் வடமொழிக் கதைத்தொகுப்பான கதாசரித்சாகரத்தில் அந்தக் கதைகளை முழுசாகப் படிக்க விரும்பினால் டானியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

பேய்க்கு வருவோம். இதில் பழைய சாட்சிகளிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. ரோமானியரான இளைய பிளினி எழுதிய கடிதங்களில் ஏழாம் தொகுதியின் இருபத்தேழாவது கடிதம், இரண்டு மூன்று பக்கம்தான். ஏதென்ஸில் பேய் வீடு என்று மலிவாக வாடகைக்கு வந்த ஒரு வீட்டை அதினோதோரஸ் என்ற தத்துவ அறிஞர் எடுக்கிறார். இரவில் விளக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறார். சங்கிலி இழுபடும் சத்தம், ஒரு கிழவர் உருவம் வந்து நின்று விரலால் அழைக்கிறது. இவர் கொஞ்சம் இரு என்று கையைக் காட்டிவிட்டு எழுதுவதைத் தொடர்கிறார்! பிறகு எழுந்து பின்னால் போனால், முற்றத்தில் ஓரிடத்தில் உருவம் மறைகிறது. மறுநாள் தோண்டினால் சங்கிலியில் சிக்கிய எலும்புகள். முறைப்படி அடக்கம் செய்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. பிளினி இதைத் தான் கேள்விப்பட்டதாகத்தான் எழுதுகிறார், பார்த்ததாக அல்ல. அந்தக் கடிதத்தின் தொடக்கமே "பேய் உண்டென்று நினைக்கிறீர்களா?" என்று நண்பரைக் கேட்பதுதான். இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது, கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் பைலண்ட் மடத்தில் 1400 வாக்கில் ஒரு துறவி, ஒரு பழைய ஏட்டில் வெறுமையாக இருந்த பக்கங்களில் அந்தப் பகுதி மக்கள் சொன்ன பன்னிரண்டு பேய்க் கதைகளை லத்தீனில் எழுதிவைத்தார். பேய்க் கதை எழுத்தாளராகவே இன்று அறியப்படும் எம். ஆர். ஜேம்ஸ், தொழிலால் ஓலை ஏடுகளைப் போன்ற பழஞ்சுவடிகளை ஆராய்பவர். அவர்தான் 1922இல் அவற்றை மூல லத்தீனிலேயே வெளியிட்டார். முதல் கதையில் ஒரு பேய், பின்னங்கால்களில் நிற்கும் குதிரையாக வருகிறது, பிறகு நடுவில் வெளிச்சத்தோடு சுழலும் வைக்கோல் போராக மாறுகிறது, கடைசியில் மனித உருவம் எடுத்து அந்த ஆளின் அவரை மூட்டையைச் சுமந்துவர உதவி செய்கிறது. வெள்ளைத் துணி போர்த்திய உருவம் எங்கேயும் இல்லை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழான் கிளோத் ஷ்மித் எழுதிய 'கோஸ்ட்ஸ் இன் தி மிடில் ஏஜஸ்' (ஆங்கிலத்தில் 1998) இந்த மாதிரிச் சாட்சிகளை வைத்து, அந்தக் காலத்துப் பேய்கள் பெரும்பாலும் எதையோ கேட்டு வந்தன என்று காட்டுகிறது: உத்தரிக்கும் ஸ்தலத்தில் (பாவம் தீரும்வரை ஆன்மா காத்திருக்கும் இடம்) தவிக்கிறேன், எனக்காக ஜெபம் செய், நான் திருப்பித் தராத கடனைத் தீர்த்துவிடு. ஃபினுகேன் எழுதிய 'அப்பியரன்சஸ் ஆஃப் தி டெட்' (1982) அதை இன்னும் நீட்டி, காலம் மாற மாறப் பேயின் வேலையும் மாறியதைக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து பார்த்தால் பேய் எதுவும் கேட்பதில்லை, சும்மா வந்து நின்றுவிட்டுப் போய்விடுகிறது. ஓவன் டேவிஸின் 'தி ஹான்டட்' (2007) இங்கிலாந்தின் சமூக வரலாறு, எளிதாகப் படிக்கலாம், பேய் வேடம் போட்டு ஏமாற்றியவர்கள் பற்றிய பகுதி அதில் அருமை.

"ஆராய்ச்சி செய்து நிரூபித்திருக்கிறார்களா" என்ற பக்கம் ஆர்வம் இருந்தால், லண்டனில் 1882இல் தொடங்கிய ஆவியியல் ஆய்வுச் சங்கம் 1894இல் வெளியிட்ட கணக்கெடுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். விழித்திருக்கும்போது, வெளிக் காரணம் எதுவும் இல்லாமல், ஓர் உருவத்தைப் பார்த்தோ குரலைக் கேட்டோ தொடுகையை உணர்ந்தோ இருக்கிறீர்களா என்று 17,000 பேரைக் கேட்டார்கள், ஏறக்குறைய பத்தில் ஒருவர் ஆம் என்றார். இதிலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது, இத்தகைய அனுபவம் சாதாரண மனிதர்களிடம் அபூர்வமல்ல என்பது. அது எதனால் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. சில தனி விளக்கங்கள் உறுதியானவை: 1921இல் ஒரு கண் மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், வீட்டில் காலடிச் சத்தமும் உருவங்களும் கண்ட ஒரு குடும்பத்துக்குக் காரணம் பழுதான அடுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயு என்று தெரியவந்தது. காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் பேய் உணர்வுக்குக் காரணம் என்று 1998இல் வந்த விளக்கத்தை நான் அந்த அளவுக்கு நம்பமாட்டேன்; ஒரு ஆய்வகத்து மின்விசிறியை வைத்துச் சொன்ன அழகான கதை அது, அதை எல்லாப் பேய் வீட்டுக்கும் பொருத்த ஆதாரம் போதாது.

ஃபேரி என்பதை நாம் தேவதை என்று மொழிபெயர்க்கிறோம், அங்கேயே பாதி தவறிவிடுகிறோம். தேவதை என்றதும் நமக்கு அருள் செய்கிற ஒன்று மனதில் வந்துவிடுகிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மக்கள் அவற்றை "நல்லவர்கள்" என்று அழைத்தது பாசத்தால் அல்ல, பெயர் சொன்னால் காதில் விழுந்துவிடுமே என்ற பயத்தால். இறக்கை வைத்த குட்டி உருவமெல்லாம் நாடகமும் ஓவியமும் குழந்தைப் புத்தகமும் சேர்ந்து கொடுத்தவை. ராபர்ட் கிர்க் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1690களின் தொடக்கத்தில் எழுதிய 'தி சீக்ரெட் காமன்வெல்த்' ஒரு சின்ன நூல், அதைப் படித்தாலே வித்தியாசம் புரியும். மனிதனுக்கும் வானதூதனுக்கும் நடுப்பட்ட இனம், இறுகிய மேகம் போன்ற உடல், அந்தி வேளையில்தான் நன்றாகத் தெரிவார்கள் என்று, தன் ஊரார் சொன்னதை ஒரு அறிஞனின் நிதானத்தோடு எழுதுகிறார். 1692இல் அவர் இறந்தார், அது அச்சில் வந்தது 1815இல். அவர் சாகவில்லை, ஃபேரிகள் அவரைக் குன்றுக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவரைப் பற்றியே ஒரு பழமரபுக்கதை உருவாகிவிட்டது. இவான்ஸ் வென்ட்ஸின் 'தி ஃபேரி ஃபெய்த் இன் கெல்டிக் கன்ட்ரீஸ்' (1911) புத்தகத்தில் அவர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பேச்சுகள் பொன், அவற்றின் மேல் அவர் கட்டும் கோட்பாடு எனக்கு ஒப்புதல் இல்லை. கைநூலாக ஒன்று வேண்டுமென்றால் கேத்தரின் பிரிக்ஸின் 'எ டிக்‌ஷனரி ஆஃப் ஃபேரிஸ்' (1976). ஒவ்வொரு பெயரும் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். அகராதி என்ற பெயரில் வரும் மற்றவற்றில் இந்த நாணயத்தைப் பார்ப்பது கடினம்.

காட்டிங்லி புகைப்படங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1917இல் இரண்டு சிறுமிகள், அட்டையில் வெட்டிய படங்களைத் தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தி எடுத்தவை, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் நம்பி 1922இல் புத்தகமே போட்டார், 1983இல் அந்தப் பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். ஆனால் நான் உங்களைப் படிக்கச் சொல்வது ஏஞ்சலா பர்க்கின் 'தி பர்னிங் ஆஃப் பிரிஜெட் கிளியரி' (1999). 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில், பிரிஜெட் என்ற தையல்காரப் பெண் நோயில் படுத்தாள். பீப்பாய் செய்யும் தொழிலாளியான கணவன், இவள் என் மனைவி இல்லை, ஃபேரிகள் அவளை எடுத்துக்கொண்டு இதை மாற்றி வைத்துவிட்டன என்றான். உறவினர்கள் சுற்றி இருக்க, மூலிகையைப் புகட்டி, நெருப்பின் அருகே பிடித்து, நீ யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் அவள் எரிந்தாள். பிறகு அவன், நிஜமான மனைவி வெள்ளைக் குதிரையில் வெளியே வருவாள் என்று ஃபேரிகளின் இடம் என்று ஊரார் நம்பிய மண்கோட்டைக் குன்றின் அருகே இரவுகள் காத்திருந்தான். நீதிமன்றம் அதைத் திட்டமிட்ட கொலையாகக் கொள்ளாமல் இருபது ஆண்டு தண்டனை கொடுத்தது. பர்க் இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் முடிப்பதில்லை. சொந்தமாகச் சம்பாதித்து, நன்றாக உடுத்தி, யாருக்கும் அடங்காமல் இருந்த ஒரு பெண்ணை அடக்க, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை எப்படி ஆயுதமாகப் பயன்பட்டது என்று காட்டுகிறார். அவன் அதை உண்மையிலேயே நம்பினானா, அல்லது நம்பிக்கை அவன் கோபத்துக்கு வழிவிட்டதா என்பதை ஆவணங்கள் முடிவாகச் சொல்வதில்லை, பர்க்கும் சொல்ல முயல்வதில்லை. இந்த நம்பிக்கைகளைப் படிக்கும்போது அவற்றால் இறந்தவர்களும் உண்டு என்பது நினைவில் இருக்க வேண்டும் என்பதால், நான் நடத்தும் எல்லா வகுப்பிலும் இதைப் பாடமாக வைத்திருக்கிறேன்.

கதையாகவே படிக்க வேண்டும் என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன்: சீனத்தின் பூ சோங்லிங் எழுதிய கிட்டத்தட்ட ஐந்நூறு விசித்திரக் கதைகள், அதில் 104 கதைகளை ஜான் மின்ஃபோர்ட் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார், 1880இல் வந்த ஜைல்ஸின் பழைய பதிப்பு காமம் வந்த இடங்களையெல்லாம் வெட்டியது, அதனால் புதியதை எடுங்கள். ஜப்பானுக்கு லஃப்காடியோ ஹெர்னின் 'க்வாய்டன்' (1904). ஆங்கிலத்தில் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). தமிழில் புதுமைப்பித்தனின் காஞ்சனையை முன்பே படித்திருந்தாலும் இவற்றுக்குப் பிறகு ஒருமுறை படியுங்கள். பேய்கள் கூழ் சமைக்கும் காட்சியில் எவ்வளவு பசியும் கும்மாளமும் இருக்கிறது என்று பார்க்க ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை உரையோடு எடுங்கள்.

புதிதாக ஒரு புத்தகம் கையில் வந்தால் நான் முதலில் பின்பக்கம் திருப்பி அடிக்குறிப்புகளைப் பார்ப்பேன். "பண்டைக் காலம் முதல் மக்கள் நம்பினர்" என்று வரும் இடத்தில் எந்த மக்கள், எந்த ஆண்டு, யார் பதிவு செய்தது என்பதற்கு ஏதாவது சுட்டு இருக்கிறதா? நாட்டார் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளை எண்ணிட்டு அடுக்கிய ஸ்டித் தாம்சனின் கதைக்கூறு அட்டவணை நூலகத்தில் கிடைத்தால் அதையும் புரட்டலாம், இறந்தோர் பற்றிய கூறுகள் E என்ற எழுத்தின் கீழ், வாம்பயர் E251, ஃபேரிகள் F என்ற எழுத்தின் கீழ். ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கே பதிவானது என்ற குறிப்பு இருக்கும். படிக்கிற புத்தகம் அல்ல, வழி கேட்கிற புத்தகம்.

சரி, ஒரே ஒரு புத்தகம் என்று கேட்டீர்களே. டேவிட் ஹஃபர்ட் 1982இல் எழுதிய 'தி டெரர் தட் கம்ஸ் இன் தி நைட்' என்பேன். தூக்கத்தில் விழிப்பு வரும், கை கால் அசையாது, யாரோ அறைக்குள் வருகிற ஓசை, நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்துகிறது. பேய் அமுக்கியது என்று நாம் சொல்வோமே, அதேதான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இதைக் கிழட்டுச் சூனியக்காரி என்பார்கள். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் மக்களுக்கு அப்படித் தோன்றுகிறது என்று அறிஞர்கள் எளிதாகச் சொல்லிவந்தார்கள். ஹஃபர்ட், அந்தக் கதையைக் கேள்விப்பட்டே இராத அமெரிக்க மாணவர்களிடமும் விசாரித்தார், அவர்கள் விவரித்தது அதே காலடி, அதே அழுத்தம், அதே உருவம். கனவுத் தூக்கத்தில் உடல் அசையாமல் இருக்கும் நிலை விழித்த பிறகும் சற்று நீடிப்பதால் இது வருகிறது என்பது மருத்துவத்தில் உறுதியானது. ஆனால் ஏன் இத்தனை பேருக்கு வெறும் அழுத்தமாக இல்லாமல், தீய எண்ணத்தோடு வரும் ஒரு ஆளாகவே அது தோன்றுகிறது என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி, அதை ஹஃபர்ட் மூடிமறைப்பதில்லை. தூக்கத்தில் வந்து மேலே படுத்து நெரித்தான் என்று 1725இல் கிசிலோவா கிராமத்தார் சொன்னதை, இந்தப் புத்தகத்துக்குப் பிறகு ஒருமுறை திரும்பப் படியுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.